ஊசி போட்டது யார்?

பிப்ரவரி 18

அன்புள்ள அக்கா,

முட்டி வலி எப்படி இருக்கிறது? ஒரு நல்ல சேதி. என் கட்டுரையை மாநாட்டில் எடுத்துக்கொண்டார்கள்! மார்ச் 14, பெரிய அரங்கம். வயிற்றில் குழாய் வைத்த நம் நாய் குண்டனிடம் நாம் இருவரும் செய்த சோதனைதான். புது ஹார்மோனை ஊசியில் ஏற்றினால் சாப்பாட்டைச் செரிக்கும் கணைய நீர் அந்தக் குழாயில் இரண்டு மடங்கு சொட்டுகிறது என்று படம் போட்டுக் காட்டப் போகிறேன். நன்றி சொல்லும் பக்கத்தில் உன்னையும் சேர்த்திருக்கிறேன். ஏதாவது குறை கண்ணில் பட்டால் உடனே எழுது. நீ பார்த்துச் சொன்னால்தான் எனக்குத் தைரியம்.

உன் செல்லத் தங்கை

மார்ச் 3

அன்புத் தங்கைக்கு,

முட்டி அப்படியேதான் இருக்கிறது. நன்றிப் பக்கத்தில் இடம் கொடுத்த உன் பெரிய மனசுக்கு நன்றி. ஒரு வருஷம் குண்டனின் குழாயடியில் குந்திச் சொட்டு எண்ணியவள் நான், மேடை உனக்கு. எனக்கு வயிறு எரிகிறது, மறைக்கவில்லை. சின்ன வயசில் வீட்டுக்கு யார் வந்தாலும் "சின்னவ எங்க?" என்றுதான் கேட்பார்கள். குண்டனும் அந்தக் கட்சிதான்.

குறை கேட்டாயே. ஹார்மோன் நாட்களில் ஊசி போட்டது நீ. ஒப்பிட்டுப் பார்க்க வெறும் உப்புநீர் ஏற்றிய நாட்களில் நான். தினமும் அதற்குச் சாப்பாடு வைத்ததும் நீதான். நீ ஊரை விட்டுப் போன பிறகு அதே ஹார்மோனை நான் பத்து நாள் போட்டேன். ஒரு சொட்டுகூட அதிகமாகவில்லை. பிறகு நீ விட்டுப்போன செருப்பை மாட்டிக்கொண்டு குண்டன் காதில் விழும்படி வராந்தாவில் நடந்தேன். ஊசியே இல்லாமல் இரண்டு மடங்கு! அட்ரோபின் மருந்து கொடுத்து நரம்பை அடக்கிவிட்டு மறுபடி நடந்தேன். சுரப்பு நின்றுவிட்டது. ஆக, சுரக்க வைத்தது ஹார்மோன் இல்லை, சாப்பாடு வைக்கும் நீ வருகிறாய் என்ற ஆசைதான்.

கதவைத் திறந்ததும் அது என்னைத் தாண்டி உன்னைத் தேடியது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மேடை ஏறாதே.

அக்கா

மார்ச் 16

அக்கா,

உன் கடிதம் இன்று வந்தது. நான் மேடை ஏறி இரண்டு நாள் ஆயிற்று.

பேசி முடித்ததும் முன்வரிசையில் ஒரு பேராசிரியர் எழுந்து, "ஊசி போட்டது யாரும்மா?" என்றார். "ஹார்மோனுக்கு நான், உப்புத்தண்ணிக்கு எங்க அக்கா" என்றேன், பெருமையாக. அரங்கமே சிரித்தது. ஏன் என்று புரிய எனக்குத்தான் நேரம் பிடித்தது. கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டேன்.

செருப்புச் சோதனை அருமை. எனக்குத் தோன்றியிருக்காது. உன் பெயரிலேயே வெளியிடு.

இங்கே கடிதம் வர மூன்று நாள்தான் ஆகும். நீ எழுதிய தேதி மார்ச் 3. உறையில் தபால் முத்திரை மார்ச் 13. அந்தப் பத்து நாளும் அதை எங்கே வைத்திருந்தாய் என்று நான் கேட்கப் போவதில்லை. இனி எனக்கு எழுதாதே.

இப்படிக்கு,
உன்னோடு வேலை பார்த்தவள்