பூஜ்யமா, காலியிடமா?

சலினாஸ், கலிஃபோர்னியா

மரியாதைக்குரிய அப்பாவுக்கு, ஒஃபேலியா வணக்கத்துடன் எழுதுவது. முட்டிவலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறீர்களா? நான் நலம்.

இங்கே சமுதாயக் கல்லூரியில் தரவு அறிவியல் வகுப்பை எங்களைப் போன்ற பண்ணை ஆட்களுக்கும் திறந்துவிட்டார்கள். விவரங்களைச் சேர்த்து, படம் போட்டுப் பார்க்கும் படிப்பு. லெட்டூஸ் கீரை வயலிலிருந்து சேற்று பூட்ஸோடே போகிறேன்.

சொந்த வாழ்க்கையிலிருந்து ஏதாவது கணக்கு கொண்டுவரச் சொன்னார்கள். ஞாயிறுதோறும் வீட்டுக்குப் பேசிய நிமிடங்களைக் கொண்டுபோனேன். அம்மா பேசிய காலமெல்லாம் படத்தில் கோடு உச்சியில் நின்றது.

"உங்கம்மாவுக்கு வாய் வலிக்கவே வலிக்காதாடி?" என்று கேட்டாள், என்னோடு வேலை செய்யும் யெசேனியா. நானும் சிரித்தேன்.

நான் வர முடியாமல்போன அம்மாவின் அடக்கத்துக்குப் பிறகு, கோடு தரையில் கிடந்தது.

ஆசிரியை கேட்டார்: "இதெல்லாம் பூஜ்யமா, காலியிடமா? கூப்பிட்டும் யாரும் பேசலைன்னா பூஜ்யம். என்ன நடந்துச்சுன்னே தெரியலைன்னா காலியா விட்டுடணும்."

"மணி அடிச்சுது மிஸ். அப்பா வீட்லதான் இருக்காரு. எடுக்க மாட்டேங்கிறாரு."

"அப்போ பூஜ்யம்தாம்மா," என்றார் மெதுவாக.

காலியாகவே விட்டுவிட்டேன். மதிப்பெண் குறைந்தது, அவ்வளவுதான்.

நம் ஊருக்குக் கிளம்பும் நிகாந்த்ரோ வாசலில் ஹாரன் அடிக்கிறான். இதை அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். அப்பா, அம்மாவின் போனில் பச்சைப் பொத்தான் இடது பக்கம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மணி அடித்ததும் அதை மட்டும் அழுத்துங்கள். பேச வேண்டாம். உங்கள் பாட்டுக்கு இருமிக்கொண்டிருங்கள். அதையும் நிமிடமாக எழுதிக்கொள்கிறேன்.

உங்கள் மகள்,
ஒஃபேலியா