மூன்று விதமாகச் சொன்னது

வால்பரைசோ, ஏப்ரல் 6

அன்புள்ள எராஸ்மோ,

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வருகிறது, எழுது, யோசித்து பதில் போடுகிறேன் என்றாய். எழுதுகிறேன்.

கட்டிய புருஷனிடம் சொல்லாமல் மருந்துக் கடை வேலையை விட்டது என் தப்பு. கல்லூரியில் சேர்ந்தது தப்பில்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதே.

நிகழ்காலக் கலையும் ஊடகமும் என்பது படிப்பின் பெயர். வகுப்பில் இருபத்திரண்டு பேர். என்னை விட்டால் மூத்தவனுக்கு இருபத்து நாலு வயது. முதல் நாள் நான் உள்ளே போனதும் எல்லோரும் சட்டென்று பேச்சை நிறுத்தி நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஆசிரியை என்று நினைத்துவிட்டார்கள். நிஜமான வாத்தியார் லாசரோ எனக்குப் பின்னால் வந்தார். வயது இருபத்தொன்பது, சட்டையெல்லாம் பெயின்ட். இப்போது பிள்ளைகள் என்னை அத்தை என்று கூப்பிடுகிறார்கள்.

போன வாரம் என்ன வேலை கொடுத்தார் தெரியுமா? கம்பி இழுத்து மலையேறும் ரயில் பெட்டியில் ஒரு மணி நேரம் ஏறி இறங்கி, சத்தத்தை மட்டும் பதிவு செய்து வரவேண்டும். பிறந்ததிலிருந்து அதில் போய்வருகிறேன். உச்சிக்கு வருமுன் அது ஒருமுறை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பது இந்த நாற்பத்து நாலு வயதில்தான் காதில் விழுந்தது.

ஓய்வு நாட்களில் எங்கே தங்குகிறாய்? சாப்பாடு எப்படி?

உன் மாரிட்சா


காலாமா, ஏப்ரல் 19

மாரிட்சாவுக்கு,

பெட்டிச் சத்தம் கேட்க ஒரு கல்லூரி. நல்லது.

ஊருக்குள் ஒரு அறை எடுத்திருக்கிறேன். ஏழு நாள் சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறேன், ஏழு நாள் இந்த அறையில் படுத்திருக்கிறேன். வீட்டுக்கு வராததைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதே. வந்தால் கோபப்படுவேன், அதனால் வரவில்லை.

மார்ச்சில் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக உன் கடைக்குத்தான் வந்தேன். கல்லாவில் வேறொரு பெண். "மாரிட்சா அக்கா நின்னு மூணு வாரம் ஆச்சே, உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். தெரியும் என்று சொல்லிவிட்டு ஒரு பாட்டில் இருமல் மருந்து வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். எனக்கு இருமலே இல்லை. அது இன்னும் உறைக்கிறது. படிப்பு அல்ல, அந்தப் பாட்டில்.

சாப்பாடு பரவாயில்லை. சூப்பில் உப்பு போட இங்கே யாருக்கும் தெரியவில்லை.

எராஸ்மோ


வால்பரைசோ, மே 3

அன்புள்ள எராஸ்மோ,

இருமல் மருந்து விஷயத்தைப் படித்தேன். மன்னித்துக்கொள். சொன்னால் நீ சிரிப்பாய் என்று பயந்தேன். நீ சிரித்திருந்தால் நான் சேர்ந்திருக்க மாட்டேன். அதுதான் காரணம், வேறில்லை.

இப்போது ஒரு உதவி. அரையாண்டு முடிவில் ஒவ்வொருவரும் பன்னிரண்டு நிமிடப் படம் ஒன்று காட்டவேண்டும். தனியாக வேலை செய்யும் ஒருவர், அதுதான் பொருள். அனாயிஸ் என்று ஒரு குட்டி, பத்தொன்பது வயது, கலங்கரை விளக்கக் காவலரை எடுக்கிறாள். எனக்கு உன்னைத் தவிர யாரும் தோன்றவில்லை. பன்னிரண்டு மணி நேரம் அந்த ராட்சத லாரிக்குள் நீ என்ன செய்கிறாய் என்று இத்தனை வருடத்தில் ஒருநாளும் நான் கேட்டதில்லை.

கல்லூரியின் சின்னக் கேமரா ஒன்றை பஸ் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். முன் கண்ணாடிக்குக் கீழே ஒட்டி, சிவப்புப் பொத்தானை அழுத்து. அப்புறம் அதை மறந்துவிடு. மறப்பதுதான் முக்கியம்.

மாரிட்சா


காலாமா, மே 24

மாரிட்சாவுக்கு,

மேற்பார்வையாளரிடம் கேட்டேன். சுரங்கக் குழியைப் படம் எடுக்கக்கூடாது, உன் மூஞ்சியை எடுத்துக்கோ, அதை யார் திருடப்போறா என்றார். எதற்கு என்று கேட்டதற்கு மச்சினிக்கு என்று சொல்லிவைத்தேன்.

மூன்று ஷிப்ட் பதிவாகியிருக்கிறது. ஒன்றும் நடக்கவில்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மேலே போகிறேன், கல்லைக் கொட்டுகிறேன், கீழே வருகிறேன். முதல் நாள் தலை வாரிக்கொண்டு போனேன். இரண்டாம் நாள் வாரவில்லை. மூன்றாம் நாள் நிஜமாகவே மறந்துவிட்டேன்.

கேமராவின் மெமரி அட்டையைக் கவரில் வைத்திருக்கிறேன். வளைந்துவிடாமல் இரண்டு பக்கமும் பிஸ்கட் பெட்டியை வெட்டி வைத்தேன்.

எராஸ்மோ


வால்பரைசோ, ஜூன் 9

அன்புள்ள எராஸ்மோ,

முப்பத்தாறு மணி நேரத்தையும் பார்த்தேன். நீ இடது கையால் ரொட்டி தின்பதும், ஏற்றத்தில் லாரியோடு சேர்ந்து நீயும் முன்னால் சாய்வதும், எதிர் லாரிக்கு வழிவிட்டு இரண்டு விரல் தூக்குவதும். உன்னோடு இருபத்தோரு வருடம் வாழ்ந்தவளுக்கு இதில் ஒன்றும் தெரியாது.

மூன்றாம் நாளில் ஒரு இடம் இருக்கிறது. உனக்கு நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. இன்னொரு லாரியிலிருந்து ரேடியோவில் செகுந்தோ கூப்பிடுகிறார். "என்னப்பா, லீவுக்குக்கூட வீட்டுப் பக்கம் போறதில்லையாமே? பொண்டாட்டி நல்லாருக்காளா?" நீ சொல்கிறாய்: "அவளுக்கென்ன. மருந்துக் கடைதான், வீடுதான். அதே கதை."

ரேடியோவை வைத்துவிட்டு மேடு முழுக்கப் பேசாமல் ஏறுகிறாய். பதினோரு நிமிடம். பிறகு, யாருமில்லாத லாரிக்குள் சத்தமாகச் சொல்கிறாய்: "என் பொண்டாட்டி காலேஜ்ல படிக்கிறா." கொஞ்ச நேரம் கழித்துக் குரலை மாற்றி, "காலேஜ்ல சேர்ந்துட்டாப்பா, இந்த வயசுல." மறுபடி, மெதுவாக, "படிக்கிறா." அப்புறம் "ச்சே" என்று ஸ்டியரிங்கை அடிக்கிறாய்.

முதலில் கோபம் வந்தது. என்னைச் சொல்ல வெட்கம் என்று. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அது வெட்கப்படுகிறவன் குரல் மட்டும் இல்லை, எராஸ்மோ. எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்க்கிறவன் குரல்.

இந்த இடத்தைப் படத்தில் வைக்க ஆசைப்படுகிறேன். நீ சரி என்றால் மட்டும்.

மாரிட்சா


காலாமா, ஜூன் 17

மாரிட்சா,

கூடாது.

மறந்துவிடு என்று நீதான் சொன்னாய், மறந்தேன். அதற்காக ஒரு மனுஷன் தனக்குள் பேசுவதை ஊருக்குப் போட்டுக் காட்டுவதா? இங்கே முப்பது பேரோடு சாப்பிடுகிறேன். இவர்கள் வாய் உனக்குத் தெரியாது. போன வருடம் ஒருத்தன் கிடார் கற்றுக்கொள்வதாகச் சொன்னான், இன்றுவரை அவன் பெயர் மொஸார்ட். செகுந்தோவிடம் நான் பொய் சொன்னது செகுந்தோவுக்கே தெரியாது, உன் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரியவேண்டுமா?

லாரியை வைத்துக்கொள். ரொட்டியை வைத்துக்கொள். அதை எடுத்துவிடு.

எராஸ்மோ


வால்பரைசோ, ஜூன் 26

அன்புள்ள எராஸ்மோ,

எடுத்துவிட்டேன்.

வாத்தியார் லாசரோ அதை முன்பே போட்டுக் கேட்டிருந்தார். அவருக்கு மனசு ஆறவில்லை. "அத்தை, இதுதான் படமே. இதை எடுத்தா மிச்சம் ஒரு ஆள் லாரி ஓட்டுறது மட்டும்தான்" என்றார். "அந்த ஆள் வேண்டாம்னு சொல்லிட்டார், தம்பி" என்றேன். பன்னிரண்டு பேருக்குத்தான் பெரிய திரையில் இடம். என் படம் அதில் கடைசியாக இருந்தது, இப்போது அதுவும் இல்லை. பக்கத்து அறையில் சின்னத் திரையில் காட்டுவார்கள்.

இதை உன்னைக் குத்துவதற்காக எழுதவில்லை. உன் குரல் உன்னுடையது. ஆனால் நீயும் ஒன்று தெரிந்துகொள். மருந்துக் கடைக்குத் திரும்ப மாட்டேன். அடுத்த அரையாண்டுக்கும் பெயர் கொடுத்துவிட்டேன். இந்த முறை சொல்லிவிட்டுச் செய்கிறேன்.

ஜூலை 5, வியாழன், மாலை ஏழு மணி. வா என்று எழுதவில்லை. தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

மாரிட்சா


லா செரேனா பேருந்து நிலையம், ஜூலை 6

அன்புள்ள மாரிட்சா,

இந்நேரம் உன் வகுப்புக் குட்டி ஒருத்தி உன்னிடம் சொல்லியிருப்பாள். வந்தவன் நான்தான்.

இரண்டு நாள் ஷிப்டைப் பின்னால் தள்ளி வாங்கிக்கொண்டு, புதன்கிழமை ஷிப்ட் முடிந்ததும் பஸ் ஏறினேன். இருபத்திரண்டு மணி நேரம். ஏழே காலுக்கு உள்ளே வந்து கடைசி வரிசையில், தொப்பியைக் கழற்றாமல் நின்றேன். பெரிய அறையில் கலங்கரை விளக்கப் படத்துக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். உன் அறையில் என்னையும் சேர்த்து ஏழு பேர்.

என் முகத்தை இவ்வளவு நேரம் நான் பார்த்ததே இல்லை. என் அப்பாவைப் போல இருக்கிறேன், யாரும் சொல்லவில்லை. ரொட்டி தின்னும் இடத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஏற்றத்தில் நான் முன்னால் சாய்ந்தபோது எனக்கு முன்னால் இருந்த பையனும் சாய்ந்தான். அதைப் பார்த்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

மூக்கில் வளையம் போட்ட ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றாள். "நல்லா இருக்குல்ல? இதை எடுத்தது யார் தெரியுமா? எங்க அத்தை" என்றாள்.

"உனக்கு அத்தை. எனக்குப் பொண்டாட்டி" என்றேன்.

அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள். "காலேஜ்ல படிக்கிறா" என்று அவளிடமே சொன்னேன், ஏதோ அவளுக்குத் தெரியாத விஷயம் போல. சொல்வதற்கு ஒன்றும் கஷ்டமாக இல்லை. நான்கு மாதமாக எதைக் கஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை.

உன்னிடம் வராமல் போனதற்குக் கோபித்துக்கொள்ளாதே. வாசலருகே நீ அந்தப் பெயின்ட் சட்டைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தாய். அவர் சொன்னதற்கு இல்லை என்று தலையாட்டி, இரண்டு கையையும் வீசி ஏதோ விளக்கினாய். அவர் கேட்டுக்கொண்டு நின்றார். நான் குறுக்கே வந்தால் அது நின்றுபோயிருக்கும். சனிக்கிழமை காலை எனக்கு ஷிப்ட் வேறு. பின்வாசல் வழியாகப் போனேன்.

அந்த இடத்தைத் திரும்பச் சேர்த்துக்கொள். காட்டி முடிந்த பிறகு அனுமதி கொடுக்கிறேன் என்று திட்டாதே, எனக்கு எல்லாமே தாமதமாகத்தான் வருகிறது. செகுந்தோவிடம் நானே சொல்லிவிடுகிறேன். எனக்கும் ஒரு பெயர் வைப்பார்கள், வைக்கட்டும்.

பதின்மூன்றாம் தேதி ஓய்வு தொடங்குகிறது. காலாமா அறையைக் காலி செய்கிறேன். வீட்டுச் சாவியை மார்ச்சில் மேசைமேல் எறிந்துவிட்டு வந்தேன், அதனால் வெளியேதான் நிற்கவேண்டும். அன்றைக்கு உன் வகுப்பு எத்தனை மணிக்கு முடியும் என்று எழுது. முடியும்வரை காத்திருக்கிறேன்.

உன் எராஸ்மோ