மஸாஹிருக்கு ஓட்டம் போதாது

2015 பெப்ரவரி 9, திங்கள்

கொழும்புக் கல்லூரிக்கு உதைபந்தாட்டக்காரன் பிடித்துக் கொடுக்கச் சிலாபத்தில் என்னைப் போல ஒரு முட்டாள் தேவைப்படுகிறது. உயர்தர வகுப்பில் ஒரே ஓர் இடம், விடுதியும் படிப்பும் இலவசம். போன மாதம் முழுக்கப் பார்த்ததெல்லாம் குப்பை. நீர்கொழும்பில் ஒருவன் தலைமுடியைத் தடவிக்கொண்டே விளையாடினான். மாரவிலக்காரன் பந்து வந்தால் வழிவிடுகிறான், பெரிய மனிசனுக்கு விடுகிற மாதிரி.

இனிக் கற்பிட்டிப் பக்கம் மஸாஹிர் என்று ஒரு ரைட் விங். "காத்து மாதிரி ஓடுவான் மாஸ்டர்" என்று ஜப்பார் போனில் சத்தியம் பண்ணுகிறான். ஜப்பார் ரெஃப்ரி. ஓஃப்சைட் என்றால் என்னவென்று இன்னும் தெரியாத ரெஃப்ரி.

பெப்ரவரி 13, வெள்ளி

பாலாவிச் சந்தியில் பஸ் மாறி, புழுதி தின்று போய்ச் சேர்ந்தேன். மைதானமாம்! ஆட்டுப் புழுக்கை, நெருஞ்சி முள்ளு, ஒரு பக்கம் சாய்ந்த கோல் கம்பம்.

ஜும்ஆத் தொழுகை முடிய மஸாஹிரின் வீட்டில் விருந்து. தொண்ணூறில் புலிகள் துரத்த, மன்னாரிலிருந்து வந்த குடும்பம். வாப்பா இஸ்ஸதீன் உப்பு லொறி ஓட்டுகிறார். உம்மா ரம்ஸியா கதவுக்குப் பின்னால் நின்று, "மாஸ்டருக்கு இன்னம் போடுங்கோ" என்றபடியே இருந்தா. நிலத்தில் பாய் விரித்து, சஹன் என்று ஒரு பெரிய தட்டம், அதைச் சுற்றி ஜப்பாரோடு ஆறு பேர். ஒரே தட்டத்தில் எல்லாருடைய கையும். என்னை நடுவில் இருத்தி, பொடியனைப் பக்கத்தில் இருத்தினார்கள். நெய்ச்சோறு, மாட்டிறைச்சி, கோழி, பொரித்த கத்தரிக்காய், கடைசியில் இனிப்புக்கு வட்டிலாப்பம். சோறு முடிய முடியக் கொட்டினார்கள், நானும் விடவில்லை. இந்தச் சனத்துக்குச் சமைக்கத் தெரியும், பந்து விளையாடத்தான் தெரியாது.

பொடியனைப் பார்த்தேன். எனக்குச் சரிசமமாகத் தின்கிறான்! பின்னேரம் மெட்ச் இருக்கிற ஒருவன் இப்படியா வயிறு முட்டத் தின்பது? அப்போதே மனதுக்குள் பாதி வெட்டிவிட்டேன்.

மிச்சப் பாதியை அவனே வெட்டிக்கொண்டான். ஓடுகிறானா, உருளுகிறானா? பூசணிக்காய்க்குக் கால் முளைத்த மாதிரி. இடைவேளைக்கு முன்னமே கோர்னர் கொடிக்குப் பக்கத்தில் குந்தி வாந்தி எடுத்தான். இஸ்ஸதீன் என் முகத்தைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பெப்ரவரி 14, சனி

கல்லூரி விளையாட்டுச் செயலாளருக்குப் போனில் சொன்னேன்: ஓட்டம் போதாது. அவ்வளவுதான்.

பெப்ரவரி 18, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பலோடு கோயிலால் வெளியே வந்தால், எதிரே ஜப்பார். மோட்டார் சைக்கிளுக்குச் சாமான் வாங்கச் சிலாபம் வந்தவனாம். தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிப் போனேன். அவன் பிளேன்டீ குடித்தான். எனக்கு ஒருசந்தி விரதம், தண்ணீர் மட்டும்.

"ஜப்பார், உன்ர காத்து வாந்தியெல்லோ எடுத்தது" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. "மாஸ்டர், அவன் வீட்டுக்காரப் புள்ள. விருந்தாளி திண்டுகிட்டு இரிக்கக்குள்ள அவன் கையெடுத்தா மரியாதயா? நீங்க வெக்கப்பட்டு எழும்பிருவீங்க எண்டு கூட இருந்து திங்கோணும். நீங்க நிப்பாட்டினாத்தானே! வட்டிலாப்பம் ரெண்டாந்தரம் கேட்டீங்களே, அப்ப நானே 'யா அல்லாஹ்' எண்டன்."

"அப்ப சொல்லியிருக்கலாம்தானே?"

"எப்புடிச் சொல்ற? போதும், தின்னாதீங்க எண்டா?"

பொடியனுக்குப் பதினெட்டு முடிந்ததும் கட்டாருக்கு வேலைக்கு அனுப்ப ஏஜென்சிக்காரனோடு வாப்பா கதைத்துவிட்டாராம்.

அட நாசமாப் போக! அந்தப் பொடியன் ஒரு சொல் சொன்னானா? வாந்தி எடுக்கேக்கையும் ஏன் எண்டு சொன்னானா? மானங்கெட்ட வயிறு எனக்கு. சாம்பலை நெற்றியில் பூசி என்ன பிரயோசனம் — இந்த வயிற்றில் அள்ளிக் கொட்டியிருக்க வேண்டும்.

பெப்ரவரி 22, ஞாயிறு

ஒருவருக்கும் சொல்லாமல், பொடியனின் அடுத்த மெட்ச் பார்க்க ஆலங்குடாவுக்குப் போனேன். பகல் சாப்பாட்டுக்கு ஒரு பணிஸ், ஒரு சோடா. சனத்துக்குப் பின்னால் நின்று மஸாஹிரைப் பார்த்தேன்.

பந்து காலில் பட்டதும் எதிராளிக்கு முன்னால் ஒரு கணம் நிற்கிறான். எதிராளியும் நிற்கிறான். பிறகு இவன் அங்கே இல்லை. கடைசி விசில்வரை அதே வேகம். என் காலத்தில் என்னை விங் என்று சொன்னவர்கள் எல்லாருக்கும் கண் குருடு.

பெப்ரவரி 23, திங்கள்

செயலாளரைப் போனில் எடுத்தேன்.

"அண்டைக்கு ஓடமாட்டான் எண்டீர். இப்ப ஓடுறானோ? எவ்வளவு தந்தாங்கள்?"

அன்றைக்குப் பொடியனுக்குக் காய்ச்சல் என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால், காய்ச்சல்காரன் என்று ஒரேயடியாகத் தள்ளிவிடுவார்கள். "சோறு தந்தாங்கள்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், இரண்டாம் வட்டிலாப்பம் உட்பட.

ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார் அந்த நாய். மூன்று நான்கு குரல்கள் சிரிப்பது கேட்டது. படித்த மனிதர்கள்! சிரித்து முடித்து, "சரி, பொடியனை அனுப்பும், பாப்பம். ஆனா நீர் இனி எங்களுக்கு வேண்டாம்" என்றார்.

போகட்டும். ஆனால் பதினொரு வருட வேலை.

ஓகஸ்ட் 8, சனி

கொழும்பு. கல்லூரி மெட்ச். பவிலியனில் எனக்கு இடமில்லை, கம்பிவேலியோரம் நின்றேன். மஸாஹிர் புதுச் சேர்ட்டில் இறங்கினான். அரை மைதானம் பந்தைக் கொண்டுபோனான், மூன்று பேர் பின்னால் விழுந்து கிடந்தார்கள்.

பக்கத்தில் கழுத்துப்பட்டி கட்டிய ஒருவன். என் இடத்துக்கு எடுத்த ஆளாம். மைதானத்தை அரைக்கண்ணால் பார்த்து, போனில் 'பரவாயில்லை' என்று தட்டினான்.

"பரவாயில்லையோ? ஒழுங்காப் பாத்து எழுதும் ஐசே!"

திடுக்கிட்டுத் திரும்பி, நான் யார் என்று கேட்டான்.

சும்மா மெட்ச் பார்க்க வந்த ஆள் என்றேன்.