முப்பத்தேழாம் இலக்கக் குரல்

4 மார்ச், செவ்வாய்

காலையிலேயே வெயில். முப்பத்தாறு வரும் என்று வானொலி. தக்காளிச் செடிகளுக்கு ஐந்தரைக்கே தண்ணீர். முழங்கால் பரவாயில்லை.

வாங்க வேண்டியவை: பால், பாண், பெருஞ்சீரகம், பிரஷர் குளிசை, சின்னக் கடித உறைகள்.

பத்து மணிக்குச் சாந்தி வந்தாள். குசினியில் இருந்து ஒரு மணித்தியாலம் கதை. அவள் கணவர் நேசன் பற்றித்தான். அருள்நேசன், வயது அறுபத்தெட்டு. யாழ்ப்பாணத்தில் தேவாலயத்தில் பாடத் தொடங்கியவர். இந்த நாட்டுக்கு வந்து பத்தொன்பது வருடம் ஓப்ரா இசைநாடக மேடையில் பின்வரிசைக் கூட்டத்தோடு நின்று பாடினார். டெனர், அதாவது ஆண் குரலில் உயரமானது. ஒரே ஒரு தடவை, பென்டிகோ என்ற ஊரில், கதாநாயகனுக்குக் காய்ச்சல் என்று இவரை முன்னால் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. காரணமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து பாட வாய் திறப்பதில்லை.

மகள் அனிற்றாவுக்கு 22ஆம் தேதி கல்யாணம். அப்பா பாட வேண்டும் என்று நிற்கிறாள். அதே பாட்டு, காதலியின் வீட்டு வாசலில் நின்று கதாநாயகன் பாடுவது. பியானோ வாசிக்க ஆளும் பிடித்தாயிற்று. நேசன் ஓமும் இல்லை, இல்லையும் இல்லை.

சாந்தி: "குளிக்கேக்கை மட்டும் பாடுறார் ரீச்சர். நான் கதவடிக்குப் போனால் நிப்பாட்டிப் போடுவார். நாங்கள் நல்லாயிருக்கெண்டு சொன்னால், வீட்டுக்காரர் அப்பிடித்தான் சொல்லுவினம் எண்டுறார். வெளியாள் சொல்லோணும்."

பென்டிகோவில் யாரோ பதிவு செய்த ஒலிநாடாவை அவள் ஒளித்து வைத்திருந்தாளாம். மகன் போனில் ஏற்றிக் கொடுத்திருக்கிறான். எனக்கு அனுப்பினாள்.

அப்போதே வழி தோன்றியது. வியாழக்கிழமை வட்டம்.

5 மார்ச், புதன்

பச்சைக் குப்பைத் தொட்டி நாள். மறந்து, லொறிச் சத்தம் கேட்டு ஓடினேன்.

வழி இது. கிளென் வேவர்லி நூலகத்தில் வியாழன்தோறும் கூடிப் பாட்டுக் கேட்கும் நாங்கள் ஐந்து பேர். நான், நேசன், தில்லைநாதன், ராகவன், மாலதி. பாடியவர் பெயரை மறைத்துப் போடுவது என் ஏற்பாடு. பாட்டுக்கு ஓர் இலக்கம் மட்டும். கேட்டபின் ஒவ்வொருவரும் துண்டில் பத்துக்குப் புள்ளியும் ஒரு குறிப்பும். துண்டுகளை நான் உரக்க வாசிப்பேன். வாதம். கடைசியில் உறையைக் கிழித்துப் பெயர். பரீட்சைத் தாள் திருத்தும்போது சுட்டெண் மட்டும் பார்த்துப் புள்ளி போட்ட பழக்கம். பெயரைக் கண்டால் காது வேலை செய்யாது. தில்லைநாதன் பெரிய பெயர் என்றால் தும்மலுக்கும் ஒன்பது போடுவார்.

நாளை நேசனின் பதிவைப் பெயரில்லாமல் போடுவேன். வெளியாள்கள் வாயால் அவரே கேட்கட்டும்.

இதற்கு உதாரணம் இருக்கிறது. எட்டாம் வகுப்பில் புவனா என்று ஒரு பிள்ளை. தான் மொக்கு என்று முடிவெடுத்துக் கடைசி வாங்கில் இருந்தவள். ஒருநாள் அவள் கட்டுரையைப் பெயர் சொல்லாமல் வகுப்பில் வாசித்தேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். பிறகு பெயர் சொன்னேன். அந்த முகம் இன்னும் நினைவில்.

பதிவை இன்று கேட்கவில்லை. நானும் மற்றவர்களைப் போல் முதல் தடவையாகக் கேட்பதே நியாயம்.

6 மார்ச், வியாழன்

வெயில் குறைந்தது. காற்று. நூலக மாடி அறை, பதினொரு மணி. இலக்கம் முப்பத்தேழு.

முதல் வரி ஓடும்போதே, பாட்டு சரியில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நேசன் ஜன்னலோரக் கதிரையில் இருந்தார். கைகள் மடியில். அசையவில்லை. பாட்டு முடிய எல்லோருக்கும் முன் எழுதி மடித்தவர் அவர்தான்.

துண்டுகள்: மூன்று. நான்கு. எட்டு. இரண்டு. ஒன்பது.

ஒன்பது என்னுடையது. இரண்டு யாருடைய கையெழுத்து என்று பார்த்தவுடன் தெரிந்தது. முப்பத்து நாலு வருடம் கையெழுத்துப் பார்த்தவள்.

மூன்று போட்ட தில்லைநாதன் தொடங்கினார்: "ஆட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு போற மாதிரி. ஒரு சுரத்தில நிக்குதே குரல்? அந்த நடுக்கத்துக்குள்ளால பஸ் விடலாம்."

ராகவன் சென்னைக்காரர், கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவர். "ஆமா சார். கமகம்னா நாம அசைக்கிறோம். இது தானா அசையுது. ஆனா டீச்சர், குரல் கெட்ட குரல் இல்ல. உணர்ச்சி பாவம்தான் இல்ல. ரயில் நேரம் அறிவிக்கிற மாதிரி காதலைச் சொல்றார்."

"குரலே இல்லை எண்டுறன், நீர் பாவத்துக்குப் போறீர்," என்றார் தில்லைநாதன்.

எட்டு போட்டவள் மாலதி. பல் வைத்தியர். பொதுவாக வாய் திறக்காதவள். "எனக்குப் பிடிச்சிருக்கு. பயந்து பயந்து பாடுறார். விரும்பின பெட்டையின்ர வாசல்ல நிக்கிறவனுக்குப் பயம் இராதே? மற்ற ஆக்கள் எல்லாம் மாப்பிள்ளை வந்த மாதிரியெல்லோ பாடுறவை."

"பயம் பாத்திரத்துக்கில்லைப் பிள்ளை, பாடுறவனுக்கு. அது நடிப்பில்லை. நடுக்கம்," என்றார் தில்லைநாதன்.

சிரிப்பு. ராகவனும் சிரித்தார். நானும் பல் தெரிய இருந்தேன் என்று நினைக்கிறேன்.

பிறகு தில்லைநாதன் திரும்பி, "நேசன், நீர்தானே தொழில்காரன். சொல்லும்."

நேசன் அவசரப்படவில்லை. சொன்னதை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

"மூச்சு காணாது. முதல் வரியிலேயே முழுக்கச் சிலவழிச்சுப் போட்டார். மேல போகேக்கை வாயைத் திறக்கிறார், தொண்டையை மூடுறார். நெஞ்சுக் குரலை இழுத்துக்கொண்டு போய் மேல வைக்கப் பாக்கிறார், அது அங்க நிக்காது. சொல் ஒண்டும் விளங்கிப் பாடேல்லை, பாடமாக்கின பிள்ளை மாதிரி. மாலதி சொன்ன பயம் உண்மை. ஆனால் மூண்டாம் வரிக்குப் பிறகு இந்த ஆள் பாடேல்லை. தான் எப்பிடிப் பாடுறனெண்டு கேட்டுக்கொண்டு நிக்கிறார். இவரை ஏன் முன்னுக்கு விட்டவையோ தெரியாது."

"அப்பிடிப் போடும்!" என்று தில்லைநாதன் மேசையில் தட்டினார். "ரீச்சர், பேரைச் சொல்லுங்கோ. ஆர் இந்த ஆடு?"

உறை என் கையில். பெயர் எழுத மறந்துவிட்டேன் என்றேன். என் வாயில் பொய் ஒருநாளும் ஒழுங்காக வந்ததில்லை.

"எழுதிக் கிடக்கு ரீச்சர்," என்றார் நேசன் மெதுவாக. "பழக்கத்தை ஏன் மாத்துறியள்?"

தில்லைநாதன் உறையை என் விரலுக்குள்ளிருந்து உருவிக் கிழித்தார். "அருள்நேசன்... எந்த அருள்நேசன்?"

"இந்த அருள்நேசன்தான்."

கீழே பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கும் சத்தம் கேட்டது.

பிறகு நடந்ததுதான் அதிலும் மோசம். ஒவ்வொருவராகத் திருத்தத் தொடங்கினார்கள். தில்லைநாதன்: "பதிவு சரியில்லை. மைக் தூரத்தில. அதுதான் நடுங்கிற மாதிரி." ராகவன்: "இப்ப யோசிச்சா அந்த அடக்கம்கூட ஒரு பாவம்தான் சார்." குரலே இல்லை என்று ஐந்து நிமிடம் முன் சொன்ன வாய், "அந்தக் காலத்தில நல்ல குரல்" என்றது.

மாலதி மட்டும் ஒன்றையும் மாற்றவில்லை. நேசன் அவளைப் பார்த்தார்.

"மாலதி, உங்களுக்கு ரீச்சர் முதலே சொன்னவவோ?"

"ஐயோ இல்லை அங்கிள். சத்தியமா."

நம்பவில்லை. நான் பார்த்தேன், அவர் நம்பவில்லை. அறையில் இருந்த ஒரே நல்ல வார்த்தை, அதுவும் என்னால் கெட்டுப்போனது.

படியிறங்கும்போது கேட்டேன், குரல் தெரியவில்லையா என்று.

"முதல் மூச்சிலேயே தெரியும்."

"பிறகேன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"நீங்கள் பேரை மறைச்சுக் கேட்டனீங்கள். நானும் பேரை மறைச்சுச் சொன்னனான்."

7 மார்ச், வெள்ளி

மழைக்குணம். பெய்யவில்லை. பருப்பு அடிப்பிடித்தது.

ஒரு விஷயம். எவருக்கும் சொன்னதில்லை, இங்கேயும் எழுதியதில்லை. புவனாவின் கட்டுரையை நான் உள்ளபடி வாசிக்கவில்லை. வாசிக்கும்போதே நாலைந்து வசனங்களைத் திருத்தினேன். முடிவை முழுக்க மாற்றினேன். பிள்ளைகள் கைதட்டியது பாதி எனக்கு. புவனாவுக்கு அது தெரிந்திருக்கும், அவள் எழுதியதுதானே. அந்த முகத்தைச் சந்தோஷம் என்று நாற்பது வருடமாக நினைத்து வந்திருக்கிறேன்.

ஒலிப்பதிவைத் திருத்தி வாசிக்க முடியாது.

சாந்தி இரண்டு தரம் அழைத்தாள். எடுக்கவில்லை.

9 மார்ச், ஞாயிறு

மல்கிரேவ் கடை. முருங்கைக்காய் மூன்று, மிளகாய்த்தூள், இடியப்ப மா. கருவேப்பிலை வாடல், விட்டுவிட்டேன்.

காசு கொடுக்கும் வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பேர். ஆள்கள் தெரியாது.

"...தன்ர பாட்டைப் போட, அதைத் தெரியாமல் அந்த மனிசனே கிழிகிழியெண்டு கிழிச்சதாம்!"

"ஓ மை கோட். தன்ர குரலே தெரியாதாமோ?"

"ஓப்ராவாம். சொன்னதெண்டால் நம்போணும்."

கதையைப் பரப்பத் தில்லைநாதனுக்கு மூன்று நாள் போதுமாக இருந்திருக்கிறது. நேசனுக்குத் தெரியும் என்று நான் திரும்பிச் சொல்லியிருக்கலாம். முதல் மூச்சிலேயே தெரிந்துதான் பேசினார் என்று. சொன்னால் இன்னும் சுவையான கதையாகும். இடியப்ப மாவைத் திருப்பித் திருப்பித் தேதி பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்து தில்லைநாதனை அழைத்தேன். "பகிடிக்குச் சொன்னனான் ரீச்சர். போட்டது நீங்கள், குற்றம் எனக்கோ?"

போனை வைத்தேன்.

12 மார்ச், புதன்

குளிர். கம்பளிச் சட்டை எடுத்தேன், பூச்சிக் குளிசை மணம். காலைக் குளிசை போட்டேனா என்று சந்தேகம், பெட்டியைப் பார்த்தால் போட்டிருக்கிறேன்.

நாலு மணிக்கு வாசலில் நேசன். தனியாக. சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை. குசினிக் கதிரையில் இருந்தார். தேத்தண்ணீர், சீனி வேண்டாம்.

மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். கையால் நிறுத்தினார்.

"அந்தத் துண்டுகள் இருக்கோ ரீச்சர்?"

இருந்தன. நான் ஒரு கடதாசியும் எறிவதில்லை. ஐந்தையும் மேசையில் வரிசையாக வைத்தார், பிள்ளைகள் படம் பொருத்துவதுபோல்.

"இந்த ஒன்பது உங்கட கை."

"ஓம்."

"பேர் தெரிஞ்சு போட்டது. அதை விடுவம். தில்லை வாய்க்கு ருசியா இருக்க வேணுமெண்டு சொல்றவர். ராகவனுக்கு வேற சங்கீதம். மாலதி நல்ல பிள்ளை, அவ்வளவுதான். நான் என்னைப் பற்றி நியாயமாச் சொல்லேலாது. மிச்சம் நீங்கள்தான்." தேத்தண்ணீரைத் தள்ளி வைத்தார். "நான் குளிக்கேக்கை பாடிப் பாக்கிறனான் ரீச்சர். சில நாள் வருது. அந்த மேல் சுரம் வருது. பிள்ளை கேக்குது, ஒருக்காத்தானே கலியாணம். முந்நூறு சனத்துக்கு முன்னால நிண்டு பாடலாமோ எண்டு எனக்குத் தெரியோணும். சுட்டெண் மட்டும் எழுதின தாள் எண்டு நினையுங்கோ. எவ்வளவு போடுவியள்? அஞ்செண்டால் பாடுறன்."

அஞ்சு. அவ்வளவுதான் கேட்டார்.

சாதாரண தரப் பரீட்சைத் தாள் திருத்தும் மண்டபத்தில் முப்பத்து மூன்று, முப்பத்து நாலில் வந்து நிற்கும் தாளை அப்படியே விடமாட்டோம். எடுத்துத் திரும்பப் பார்ப்போம். பாதி சரியான விடைக்கு அரை, படம் கீறியதற்கு அரை. எங்கிருந்தாவது தேடி முப்பத்தைந்தாக்கிச் சித்தியடைய வைப்போம். எல்லோரும் செய்தார்கள். முகம் தெரியாத எத்தனை பிள்ளைகளுக்கு நான் செய்திருக்கிறேன்.

முகத்தைப் பார்த்துக்கொண்டு "நாலு" என்றேன்.

உண்மையில் நாலரை. அரையைச் சொல்லவில்லை. ஏன் என்று இப்போதும் தெரியவில்லை. ஒன்பது என்று பொய் எழுதியதற்கு யாரையாவது தண்டிக்க வேண்டியிருந்ததோ என்னவோ.

தலையாட்டினார். இரண்டு மூன்று தரம், மெதுவாக.

"நன்றி ரீச்சர். பென்டிகோவுக்குப் பிறகு ஒருத்தரும் எனக்கு இலக்கம் சொல்லேல்லை. வெரி நைஸ், வெரி நைஸ் எண்டு சொல்லிப்போட்டுக் கூப்பிடாமல் விட்டிட்டினம்."

தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார். கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தார். "போட்டு வாறன்."

துண்டுகளை எடுத்துப் போகவில்லை.

13 மார்ச், வியாழன்

வட்டத்துக்குப் போகவில்லை. முழங்கால் என்று செய்தி அனுப்பினேன். தில்லைநாதனிடமிருந்து பூங்கொத்துப் படம். மாலதி இனி வரமாட்டாளாம், வேலை கூடவாம்.

பன்னிரண்டு மணிக்குச் சாந்தி. இந்த முறை எடுத்தேன்.

"ரீச்சர், இவர் பியானோக்காரருக்கு வேண்டாமெண்டு சொல்லிப் போட்டார். கேட்டால் ஒண்டும் கதைக்கிறாரில்லை. குளிக்கேக்கையும் சத்தமில்லை. தண்ணிச் சத்தம் மட்டும்தான்." அழுகிறாளோ, சளியோ, தெரியவில்லை. "நேற்று உங்களட்டைத்தானே வந்தவர்? நீங்கள் நல்லாத்தானே சொல்லியிருப்பியள்?"

"ஓம்," என்றேன். சுலபமாக வந்தது.

"எனக்குத் தெரியும் ரீச்சர். அனிற்றாவுக்கு இன்னும் சொல்லேல்லை. நீங்கள்தான் ஒருக்கால் சொல்லோணும். உங்களுக்குத்தான் மனம் நோகாமல் சொல்ல வரும்."

ஆறு மணிக்கு அனிற்றா வருகிறாள்.