முதல் திருப்பிலேயே கிளம்பிய வண்டி

என் செல்ல மாலுவுக்கு,

உன் வண்டி நேற்று கிளம்பிவிட்டது. சாவியை நான்தான் திருப்பினேன். முதல் திருப்பிலேயே. இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்வது எளிதாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

உன் பிரிக்பீல்ட்ஸ் பிளாட்டில் வண்டி நிறுத்த இடமில்லை என்று கிள்ளானில் எங்கள் போர்ச்சில் நீ விட்டிருந்த அந்தக் கிழட்டுக் கார், உன் கைக்கு மட்டும்தான் அடங்கும். மழை பெய்தால் கிளம்பாது. பானெட்டைத் திறந்து, தீப்பொறி தரும் பாயிண்டை உன் நகம் தேய்க்கும் அரத்தால் தேய்ப்பாய்.

"நகத்துக்கு இந்த அக்கறை காட்டியிருந்தா மாப்பிள்ளையாவது கிடைச்சிருப்பான்" என்பேன்.

"நகத்தப் பாத்து வரவன் எனக்கு எதுக்கு லா" என்பாய்.

கீமோவுக்குப் பிறகு உன் விரல் நுனிகள் மரத்துப்போயின. பாயிண்டின் இடைவெளி கைக்குத் தெரியவில்லை என்றாய். அதைக் கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் வாங்கினாய். தேய்க்க வேண்டாம், இடைவெளி பார்க்க வேண்டாம். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கறுப்புப் பெட்டி. அதை மாட்ட உனக்கு ஒரு மதியம் முழுவதும் ஆனது. கீழே விழுந்த திருகாணிகளைப் பொறுக்கித் தர மட்டும் என்னை விட்டாய்.

"இனிமே யாரு வேணாலும் ஸ்டார்ட் பண்ணலாம்க்கா. நீகூட. சும்மா சாவிய திருப்பு, போதும்."

நான் திருப்பவில்லை. "நீயே பண்ணுடி" என்றேன். சிரித்துக்கொண்டே நீயே திருப்பினாய். அதை எனக்காகத்தான் மாட்டினாய் என்று அப்போது எனக்குப் புரிந்ததா? புரிந்ததால்தான் தொடவில்லையா?

நீ போன பிறகு சாவி மாதக்கணக்கில் சாமி மேடையிலேயே கிடந்தது. பேட்டரி செத்துப்போனது. உன் முதல் திதிக்குள், உன் கை மாட்டிய பெட்டியோடேயே அந்த வண்டியை ஒரு முறையாவது கிளப்பிவிட வேண்டும் என்று உன் அத்தானிடம் சொன்னேன். நான் பாசாருக்குப் போய்க் காய்கறி வாங்கித் திரும்புவதற்குள் அவர் புதுப் பேட்டரி வாங்கி மாட்டியும் வைத்திருந்தார். என் முகம் மலரும் என்று பக்கத்திலேயே காத்து நின்றார்.

மற்ற வண்டிகளில் பேட்டரியின் மைனஸ் முனை பாடியில் சேரும்; உன் வண்டியில் பிளஸ் முனைதான் சேர வேண்டும். அதற்காகத்தான் பாடிக்குப் போகும் வயரின் தலையில், பிளஸ் என்று தெரியச் சிவப்பு நெயில் பாலிஷ் பூசி வைத்திருந்தாய். நீ ஏதோ தவறிப் பூசிவிட்டாய் என்று நினைத்து, அவர் அதை மைனஸில் மாட்டியிருக்கிறார். வயர்த் தலைகள் பொருந்தவில்லை. தட்டிப் பொருத்தியிருக்கிறார்.

நான் சாவியைத் திருப்பினேன். இன்ஜின் சுற்றியது, பற்றவில்லை. கருகிய வாசனை மட்டும் வந்தது.

மெக்கானிக் அண்ணன் வந்து மூடியைத் திறந்து பார்த்தார். "பழைய பாயிண்டா இருந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காதும்மா. இது எலக்ட்ரானிக் சாமான். பேட்டரி முனைய மாத்தி மாட்டுனா, சாவி போட்ட ஒடனே போயிடும்."

"யாராச்சும் சிவப்ப பாடியில மாட்டுவாங்களாண்ணே?" என்றார் அத்தான்.

"இந்த மாதிரி வண்டி வச்சிருக்கவங்க மாட்டுவாங்க, பாஸ்."

அத்தான் அப்படியே போர்ச் படியில் உட்கார்ந்துவிட்டார். எனக்காகச் செய்த மனிதரை என்ன சொல்லித் திட்டுவேன், மாலு? திட்டாமல் எப்படி அவர் பக்கத்தில் படுப்பேன்?

அதே மாதிரிப் பெட்டி வேறொன்று வரவழைத்தோம். மெக்கானிக் அண்ணன் பேட்டரி வயர்களைச் சரியாக மாற்றிப் போட்டு, ஒரு தேநீர் ஆறுவதற்குள் அதை மாட்டிவிட்டார். அவர் விரல்களுக்கு உணர்ச்சி இருக்கிறது.

நேற்று திருப்பினேன். கிளம்பியது. உன் கை மாட்டியதற்கும் இதற்கும் சத்தத்தில் ஏதாவது வித்தியாசம் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஒரு துளிகூட இல்லை. நீ தொட்டதும் நீ தொடாததும் ஒன்றுபோலவே ஓடுகிறது. இதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

கருகிய பெட்டியை, சாவி கிடந்த இடத்தில் வைத்திருக்கிறேன். அத்தான் தட்டியதில் வயர்த் தலையில் சிவப்பு உதிர்ந்துபோன இடத்தில், உன் பாட்டிலில் மிச்சமிருந்த பாலிஷை நானே பூசினேன். நகத்துக்குப் பூசுவதுபோல மெதுவாக.

இனி ஞாயிறுதோறும் சாவியைத் திருப்புவேன், மாலு. பேட்டரியைச் சாகவிட மாட்டேன். யார் வேண்டுமானாலும் கிளப்பலாம் என்றாய். வேறு யாரையும் விடமாட்டேன்.

"நீகூட" என்று நீ சொன்ன
உன் அக்கா