அடுப்பு எண்ண வந்த அண்ணாச்சிக்கு

அன்பான பீர் அண்ணாச்சி,

நீங்கள் போன இடத்திலும் உங்களுக்கு முன்னால் வந்தவர்களை உட்கார வைத்து, "வீட்ல எத்தன பேரு, யாரு என்ன வேல பாக்காவ?" என்று விசாரித்துக்கொண்டுதான் இருப்பீர்கள். அவர்களாவது நேராகப் பதில் சொல்லட்டும். எங்கள் ஊர் உங்களைப் படுத்திய பாடு இன்னொரு தடவை உங்களுக்கு வேண்டாம்.

நீங்கள் காலமான செய்தியை என் வீட்டுக்காரர் கோவில்பட்டிச் சந்தையில் கேட்டுவிட்டு வந்தார். உங்கள் கயத்தாற்றுக்காரர் ஒருவர் சொன்னாராம். நான் அகப்பையைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டேன், கம்மஞ்சோறு அடிப்பிடித்துவிட்டது. மாதர் சங்க மலருக்குச் சமையல் குறிப்பு எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். அதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன். எல்லோரும் படிக்கட்டும்.

விளாத்திகுளத்துக்கு அப்பால் எங்கள் ஊருக்கு நீங்கள் முதலில் வந்த நாள் நினைவிருக்கிறதா? முந்தின நாள் நல்ல மழை. பருத்திக் காட்டுக்குள் கால் வைக்க முடியாமல் ஊரே தெருவில் நின்றது. கரிசல் மண் அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றாததால், நீங்கள் சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு வந்தீர்கள். நாங்கள் சிரித்தோம். நீங்கள் கோபப்படவில்லை.

"சிரிங்கம்மா. பொறவு நான் கேக்க கேள்விக்கு அழப்போறீங்க" என்றீர்கள்.

குடும்பங்கள் எப்படி வாழ்கின்றன, யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று தெரிந்தால்தான் அரசாங்கம் சரியாகத் திட்டம் போட முடியும், அதற்காக மெட்ராஸில் ஓர் ஆராய்ச்சி அலுவலகம் உங்களை அனுப்பியிருக்கிறது என்று விளக்கினீர்கள். முதல் வீடு எங்களுடையது. நான் முற்றத்தில் கம்பு இடித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரரிடம், "ஒங்க வீட்ல அவிய என்ன வேல பாக்காவ?" என்று கேட்டீர்கள்.

"வேலாயியா? அவ சும்மாதான் இருக்கா" என்றார் அவர். உலக்கைச் சத்தத்தில் அவர் கொஞ்சம் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

நீங்கள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தீர்கள். "சும்மா இருக்கும்போது என்னெல்லாம் செய்யுதாவன்னு சொல்லுங்க, எழுதிக்கிடுதேன்" என்றீர்கள். நான்தான் இடித்துக்கொண்டே சொன்னேன். களைவெட்டு, பருத்தி எடுப்பு, மாட்டுக்குத் தண்ணீர், அடுப்பெரிக்கப் பருத்திமார் பொறுக்குவது என்று நான் சொல்லச் சொல்ல இடம் போதாமல் தாளைத் திருப்பிப் போட்டு எழுதினீர்கள்.

அடுத்த கேள்வியில்தான் வினை பிறந்தது. "ஒரே அடுப்பா, தனி அடுப்பா? ஒரு அடுப்புல பொங்கித் திங்கவியதான் எங்க கணக்குக்கு ஒரு குடும்பம்."

எங்கள் வீட்டில் அப்போது ஒரே அடுப்பு. மூத்த மைத்துனர், அவர் மனைவி சொர்ணம் அக்கா, நாங்கள் இருவர், எல்லோருக்கும் மேலே அத்தை. கல்யாணமாகி நாலு வருஷத்தில் ஒரு நாள்கூட என்ன குழம்பு வைப்பது என்று நான் முடிவு செய்ததில்லை. தனி அடுப்பு என்று ஒரு தடவை வாயெடுத்ததற்கு, அத்தை ஒரு வாரம் சுவரோடுதான் பேசினார்கள்.

நீங்கள் கேட்ட கேள்வி சாயங்காலத்துக்குள் டீக்கடையில் வேறு உருவம் எடுத்தது. தனி அடுப்புக்காரர்களுக்குத் தனிக் கிணறு வெட்டித் தரப்போகிறார்களாம். மறுநாள் காலையில் நீங்கள் வந்தபோது தெருவெல்லாம் புகை. கரிசல் மண் காய்ந்தால் வெடிக்கும் என்று தெரிந்தும் ஆளுக்கொரு அடுப்பு போட்டிருந்தார்கள். மேலத்தெருவில் ஒரு புருஷனும், இடுப்பில் குழந்தையோடு அவன் பெண்டாட்டியும்கூட முதுகைக் காட்டிக்கொண்டு தனித்தனியாகப் பொங்கினார்கள்.

"அப்ப இந்தக் கைப்பிள்ள எந்த அடுப்பு?" என்று கேட்டீர்கள்.

"காலையில அவிய அடுப்பு, ராத்திரி என் அடுப்பு" என்றாள் அவள், யோசிக்காமல்.

என் அத்தையே எனக்கு ஓர் அடுப்பு போட்டுக் கொடுத்தார்கள். "ஏட்டி, அந்த அண்ணாச்சி போற மட்டும் தனியாப் பொங்குத மாதிரி இரு" என்றார்கள். அத்தைக்குத் தெரியாது, எனக்கு அது நடிப்பு இல்லை என்று. வெந்தயம் தாளித்து, புளியைக் குறைத்து, என் இஷ்டத்துக்கு ஒரு குழம்பு வைத்தேன்.

நீங்கள் யார் சொன்னதையும் பொய் என்று சொல்லவில்லை. "எந்த அடுப்புல வெந்ததுன்னு ருசி பாத்துத்தான் எழுதுவேன்" என்று வீடு வீடாகச் சாப்பிட்டீர்கள். பாதித் தெரு தாண்டுவதற்குள் நடை தள்ளாடியது. எங்கள் வீட்டில்தான் இரண்டாம் தரம் கேட்டு வாங்கினீர்கள். பிறகு வேப்பமரத்தடியில் நின்று ஊருக்கே சொன்னீர்கள்: "ஒரு கிணறும் வராது. நான் எழுதிக்கிட்டுப் போறவன், குடுக்கவன் இல்ல. இனிம யாரும் எனக்குச் சோறு போடாதீங்க."

கொஞ்ச நேரத்தில் தெருவெல்லாம் அடுப்பு உடைபடும் சத்தம். அத்தையும் கடப்பாரையோடு வந்தார்கள். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, அடுப்புக்கு முன்னால் நின்றுவிட்டேன்.

"அத்த, இது இருக்கட்டும்."

அத்தை என்னை விட்டுவிட்டு உங்களைப் பிடித்தார்கள். "நீரு வந்துதான ஐயா என் குடும்பம் ரெண்டாச்சு?"

"நான் பிரிக்க வரல ஆத்தா, எண்ண வந்தேன்" என்றீர்கள். போயிருக்கலாம், ஆனால் படியில் உட்கார்ந்துவிட்டீர்கள். என் வீட்டுக்காரரைப் பார்த்து, "நீங்க எந்த அடுப்பு?" என்று கேட்டீர்கள்.

அவர் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரெண்டுலயும் சாப்பிடுதேன்."

"அதுக்கு என் தாள்ல கட்டம் இல்லையே. ஆத்தா, அப்ப நீங்க சொல்லுங்க. இன்னைக்கு ராத்திரி நீங்க எந்த அடுப்புல சாப்பிடுதீங்க?"

அத்தை கடப்பாரையை ஊன்றிக்கொண்டார்கள். சொர்ணம் அக்கா உள்ளே இருக்கிறாளா என்று ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள்: "மூத்தவ கொழம்புல உப்பே இருக்காது."

அப்படித்தான் எங்கள் வீடு உங்கள் கணக்கில் இரண்டு குடும்பம் ஆனது. நான் கேட்டது தனி அடுப்பு. அத்தையும் கூடவே வந்துவிட்டார்கள். ஆனால் அன்று முதல் காலையில், "இன்னைக்கு என்ன வைக்க?" என்று அவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். நான் சொன்னதற்கு மறுப்பும் சொல்கிறார்கள், அது வேறு விஷயம்.

அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் கடலைமிட்டாயோடு வந்து, "தங்கச்சி, குடும்பம் ரெண்டா, கூடிட்டா?" என்று கேட்பீர்கள். இப்போது எங்கள் ஊருக்குப் பஸ் வருகிறது. பெண்கள் கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீசுக்கு அதில் ஏறிப் போகிறார்கள். கிணறு மட்டும் இன்னும் வரவில்லை. அதற்கு உங்கள் தாள் காரணமா, மெட்ராஸ் காரணமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். நீங்கள் எழுதிக்கொண்டு போனதையெல்லாம் யாராவது படித்தார்களா, அண்ணாச்சி?

நீங்கள் இறந்ததைக் கேட்டு அத்தை அன்று சாப்பிடவில்லை. "நல்லாக் கேப்பாரு மனுசன்" என்று மட்டும் சொன்னார்கள்.

உங்கள் நாற்பதாம் நாளுக்கு நானும் அத்தையும் கயத்தாற்றுக்கு வருகிறோம். உங்கள் வீட்டு மதினியை நான் பார்த்ததே இல்லை. நீங்கள் ஊர் ஊராகக் கேள்வி கேட்டுத் திரிந்த அத்தனை காலமும் அவர்கள் அந்த வீட்டை எப்படி நடத்தினார்கள் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, முதலிலிருந்து கேட்கிறேன். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டேன்.

உங்கள் கணக்கில் இரண்டாவது குடும்பமாகிய,
தங்கச்சி வேலாயி