சண்டைக்கு ஒரு பட்டன்

அன்புள்ள அம்மாவுக்கு, புனேயிலிருந்து தஸ்னீமின் ஸலாம். முட்டிவலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

அக்கம்பக்கத்தாரைப் பழக வைக்கிற மொபைல் விளையாட்டு ஒன்று செய்கிறோம் என்றேனே, அதில் நம் வண்ணாரப்பேட்டைத் தெருவைத்தான் வைத்திருந்தேன். தண்ணி லாரி வரும், குடங்கள் வரிசையில் நிற்கும், பக்கத்து வீட்டோடு சண்டை போட ஒரு பட்டனும் உண்டு. மேனேஜர் அந்தப் பட்டனைத் தூக்கிவிட்டார். சண்டை போடுகிறவர்கள் நல்ல அண்டை வீட்டார் இல்லையாம். இப்போது எல்லாரும் எல்லாருக்கும் பூ அனுப்புகிறார்கள். பூ! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஜெரினா கொடம் இன்னாத்துக்கு நட்ட நடுல கீது?" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டு, நீ வேலைக்குப் போன நாளெல்லாம் அதே உன் குடத்தை நிரப்பி நம் வாசலில் வைத்தது பக்கத்து வீட்டு சொக்கம்மா அத்தைதானே? இதைச் சொன்னால் அந்த மேனேஜர் சிரிக்கிறார்.

போன வாரம் எனக்கு லேசாகக் காய்ச்சல். பயப்படாதே, விட்டுவிட்டது. மாத்திரை கேட்டு எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்தப் பெண்ணும் எங்கள் விளையாட்டைச் சோதித்துப் பார்க்கிறவள்தான். உள்ளே டிவி ஓடியது, கதவு திறக்கவில்லை. என் போனுக்கு ஒரு பூ வந்தது.

பருப்புப்பொடியும் ஒரு போர்வையும் அனுப்பு. ஆபீஸ் வண்டி வந்துவிட்டது. இந்தக் கடிதம் கிடைத்த அன்று சாயங்காலம் சொக்கம்மா அத்தையிடம் போனைக் கொடுத்து, என்னை நன்றாகத் திட்டச் சொல். பெயர் சொல்லித் திட்டச் சொல்.

உன் மகள்
தஸ்னீம்